ஒரு குறை சொல்லிவிட்டுப் போங்கள்

வைரவன் நகரில் ஒருவர் வீட்டைப் பார்க்கப் போய் அதைப் புகழ்ந்துவிட்டு வருவதைவிடப் பெரிய துரோகம் வேறில்லை. புகழ்ந்தால் கண் படும். கண் பட்டால் சுவர் வெடிக்கும், மோட்டார் புகையும், மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார் ஜாதகத்தைத் திருப்பி அனுப்புவார்கள். வாசலில் பூசணிக்காய் கட்டலாம், படிகாரம் கட்டலாம், பல்லிளிக்கும் பூத முகத்தையும் மாட்டலாம். ஆனாலும் வந்தவர் வீடு முழுக்கச் சுற்றி, காபி குடித்து, செருப்பில் காலை நுழைக்கும் நேரத்தில் ஒரே ஒரு குறையைச் சொல்லிவிட்டுப் போனால்தான் அந்த வீட்டுக்குக் காவல். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, அந்தக் கடைசிப் படி மட்டும் கொஞ்சம் ஒசரம்" என்பார் வந்தவர். "நானும் நெனச்சேன்" என்பார் வீட்டுக்காரர். அப்புறம் அந்தப் படியை ஆயுளுக்கும் தொட மாட்டார். சொல்வதும் மரியாதை, கேட்டுக்கொண்டு ஒன்றும் செய்யாதிருப்பதும் மரியாதை. எந்த மனையடி நூலிலும் எழுதப்படாத இந்த ஒப்பந்தத்தின் மேல்தான், திருநெல்வேலிக்குத் தெற்கே, நான்கு வழிச் சாலையின் ஓரத்தில், அந்தக் குடியிருப்பு நின்றுகொண்டிருந்தது.

இந்த மரியாதையில் பால்வண்ணனை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு நகராட்சியில் கட்டட வரைபடங்களைச் சரிபார்த்துச் சரிபார்த்தே தலை நரைத்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, கையில் குடை என்று அவர் போகாத கிரகப்பிரவேசம் வைரவன் நகரில் இல்லை. போய், குறை சொல்லாமல் திரும்பியதும் இல்லை. ஆகவே குடியிருப்பு முழுவதும் அவருக்குப் பதில் செய்ய வேண்டியிருந்தது. கல்யாண வீட்டில் வாங்கிய செய்முறையைத் திருப்பிச் செய்யாமல் செத்துப்போகிறவனுக்கு நல்ல கதி இல்லை என்று நம்புகிற ஜனங்கள் அவர்கள். ஆனால் பால்வண்ணனோ வீடு கட்டிய நாளிலிருந்து அதில் ஓர் ஆணியைக்கூட இடம் மாற்றியவரில்லை. பழைய வீட்டில் போய் எப்படிக் குறை சொல்வது? காத்திருந்தார்கள்.

அப்படிக் காத்திருந்த காலத்தில்தான் அவருடைய மனைவி உலகம்மாள் அடுப்படியை மாற்ற வேண்டும் என்றாள். மகளிடம் போனில் சொன்ன காரணம், அடுப்படி இருட்டாக இருக்கிறது என்பது. சொல்லாத காரணம் வேறு. ஒரு நாள் முற்பகல் அவள் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தபோது பால்வண்ணன் சத்தமில்லாமல் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். தேடிப் போனவள் அவரை நான்கு வழிச் சாலையின் நடுத்திட்டில் கண்டாள். இரண்டு பக்கமும் லாரிகள் சீறிக்கொண்டு போக, குடையை ஊன்றிக்கொண்டு, என்றோ ஓய்வு பெற்ற அலுவலகத்துக்குப் போகும் பஸ்ஸுக்காக அவர் நின்றுகொண்டிருந்தார். ஆட்டோவில் ஏற்றிக் கூட்டி வந்தாள். யாரும் பார்க்கவில்லை. யாரும் பார்க்கக் கூடாது. ஏனென்றால் போன பொங்கலுக்கு வந்திருந்த மகனும் மகளும் மொட்டைமாடியில் நின்று பேசியது அவள் காதில் விழுந்திருந்தது. "ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு ஏதாவது ஆச்சுன்னா, அப்பா எங்கிட்ட பெங்களூருல, அம்மா உங்கிட்ட மெட்ராஸ்ல." பிரியத்தோடுதான் பேசிக்கொண்டார்கள், இரண்டு பீரோக்களைப் பங்கிட்டுக்கொள்வது போல.

மறுநாள் கேட்டுக்குப் பூட்டுப் போட்டுப் பார்த்தாள். "எவம்லே என் வீட்டப் பூட்டுனது?" என்று அவர் கேட்டை உலுக்கிய உலுக்கலில் எதிர்வீட்டு மாடியிலிருந்து தலை எட்டிப் பார்த்தது. பூட்டை எடுத்துவிட்டாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் அடுப்பின் முன் நின்றுகொண்டே கேட்டைப் பார்க்க வழி. அவ்வளவுதான்.

மகள் இணையத்தில் பார்த்து ஏற்பாடு செய்த வடிவமைப்பாளர் வர்ஷினி என்ற பெண், கையில் ஒரு பலகைக் கணினியோடு ஸ்கூட்டரில் வந்தாள். மற்றவர்கள் என்ன நிறம் வேண்டும், எத்தனை இழுப்பறை வேண்டும் என்று கேட்டிருப்பார்கள், அவள், "ஆண்ட்டி, சமைக்கும்போது உங்க கண்ணு எங்க இருக்கணும்?" என்று கேட்டாள்.

"கேட்டுல."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. அடுப்படி வீட்டின் முன்பக்கம், அக்னி மூலையில், சரியான இடத்தில்தான் இருந்தது; தெருவைப் பார்த்த சுவர்தான் வெறும் சுவர். "அப்போ அடுப்பை இந்தச் சுவருக்குக் கொண்டுவந்து, அதுக்கு மேல அகலமா ஒரு ஜன்னல் வெச்சிரலாம். வெளிய மறைக்கிற மாதிரி எதுவும் வேண்டாம். முழங்கால் ஒசரத்துக்கு மேல ஒரு செடிகூட வேண்டாம். படம் வரைஞ்சு அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு, காபியைக் குடித்துவிட்டுப் போனாள். வெளியே போய்க் கேட்டைச் சாத்தினாள். கேட்டின் கொண்டி 'ணங்' என்று விழுந்தது.

உலகம்மாள் டம்ளரைக் கழுவப் போனபோது அடுப்பு தெருப்பக்கச் சுவருக்கு வந்திருந்தது. அதற்கு மேலே அகலமான ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மரமில்லாத முற்றமும் அதற்கப்பால் கேட்டும் தெரிந்தன. வெளிச்சத்தில் கடுகு டப்பாவின் மேல் படிந்திருந்த பிசுக்கு நன்றாகத் தெரிந்தது. அதை முதலில் துடைத்தாள்.

காரணம் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: காரணம் தெரியாது. அந்தக் கொண்டியை அடித்துக் கொடுத்த கொல்லரைத் தேடிப் போய் விசாரித்தார்கள்; அவர் அதே மாதிரி கொண்டிகளை ஊர் முழுக்க அடித்துக் கொடுத்திருப்பதாகவும், மற்ற வீடுகளில் கேட்டு மட்டும்தான் சாத்துகிறது என்றும் சொன்னார். வைரவன் நகர் இதற்கு மேல் ஆராயவில்லை. யோசனை சொன்னவர் வெளியே போய்க் கொண்டி விழுந்ததும் உலகம்மாள் வீடு அந்த யோசனையைக் கேட்டுவிடுகிறது. இது தெரிந்தால் போதாதா? அதற்குப் பதிலாக, யார் யோசனை பலிக்கும், யார் யோசனை பலிக்காது என்பதைத்தான் ஒரு சாஸ்திரத்துக்குரிய கவனத்தோடு கண்டுபிடித்தார்கள். வீட்டுக்காரர்கள் சொன்னால் பலிக்காது. உலகம்மாள் கிரைண்டர் மேடை ஒன்று வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் கொண்டியைப் போட்டுப் பார்த்தாள்; ஒன்றும் நடக்கவில்லை. பால்வண்ணனையும் சொல்ல வைத்துக் கேட்டுக்கு வெளியே அனுப்பிப் பார்த்தாள். அவர் திரும்பி உள்ளே வந்ததுதான் மிச்சம். அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த அவளுடைய தம்பி, "அக்கா, அந்த மூலையில ஒரு அலமாரி வச்சா என்ன?" என்று கேட்டுவிட்டுப் போனபோது பாதி அலமாரி மட்டும் முளைத்தது, மேல்தட்டு இருந்தது, கீழே ஒன்றும் இல்லை. உடன்பிறந்தவன் பாதி வெளியாள் என்று அதிலிருந்து முடிவாயிற்று. அந்தத் தம்பி இரண்டு வருஷம் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சேதி பரவியதும் வைரவன் நகர் குளித்து, உடுத்தி, புறப்பட்டு வந்தது. திருப்பிச் செய்ய வேண்டிய மரியாதை எல்லோரிடமும் சேர்ந்து கிடந்தது. அது போதாதென்று இன்னொரு வசதியையும் கண்டுகொண்டார்கள். தன் வீட்டு அடுப்படியில் பச்சை ஓடு பதிக்கலாமா என்று தடுமாறுகிறவர், உலகம்மாள் வீட்டுக்கு வந்து, "இங்கன பச்சை ஓடு பதிச்சா எடுப்பா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்க் கொண்டியைப் போட்டு, மறுபடி திறந்துகொண்டு வந்து பார்ப்பார். பிடிக்காவிட்டால் தன் வீட்டில் அந்தத் தப்பைச் செய்ய மாட்டார். செலவில்லாத சோதனை. ஆனால் மனசார நம்பிச் சொன்னால்தான் வீடு கேட்கும் என்பதால், வருகிறவர்கள் வழியெல்லாம் தங்களைத் தாங்களே நம்பவைத்துக்கொண்டு வந்தார்கள். ஒரே வீட்டு ஓரகத்திகள் இருவர் பாத்திரம் கழுவும் தொட்டி கிழக்கிலா வடக்கிலா என்று சண்டை போட்டு, ஒருத்தி போக ஒருத்தி வர, உலகம்மாளின் தொட்டி ஒரே காலையில் அடுப்படியைச் சுற்றிப் பிரதட்சணம் வந்தது. கடைசியில் எச்சில் தட்டுகளோடு அது சாமி அலமாரிக்குக் கீழே நின்றபோது, இருவருமே, "இது நல்லா இல்ல" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டு ஒற்றுமையாகப் போனார்கள்.

உலகம்மாள் எல்லாவற்றையும் பொறுத்தாள். ஓடு பச்சையானால் என்ன, மஞ்சளானால் என்ன. உப்பு ஜாடி எங்கே போனால்தான் என்ன, தேடி எடுத்துக்கொள்ளலாம். ஜன்னல் இருந்தது. முருங்கைக்காயை நறுக்கிக்கொண்டே கேட்டைப் பார்ப்பாள். பருப்பைக் கடைந்துகொண்டே கேட்டைப் பார்ப்பாள். பால்வண்ணன் குடையோடு முற்றத்தில் இறங்கினால், "ஏங்க, இந்தத் தேங்காயக் கொஞ்சம் உடச்சுத் தாங்க" என்று அங்கிருந்தே கூப்பிடுவாள். அவர் திரும்பி வருவார். அப்படிச் சில மாதங்கள் அவளுக்குக் கிடைத்தன.

பிறகு எதிர்வீட்டுச் செல்லச்சாமி வந்தார். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், நல்ல மனிதர், அதனால்தான் ஆபத்து. அவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பால்வண்ணன் சொன்ன குறைக்கு இன்னும் பதில் செய்யாமல் மனசு உறுத்திக்கொண்டிருந்தவர். அடுப்படியை நெடுநேரம் பார்த்தார். காபியை மெதுவாகக் குடித்தார். செருப்பில் காலை நுழைத்தார்.

"மதினி, நான் சொல்லணும்னு இல்ல. எல்லாம் ஜோராத்தான் இருக்கு. அடுப்புக்கு மேல ஜன்னல் மட்டும் கூடாது. உலை கொதிக்கிறது ரோட்டுல போறவன் வாறவனுக்கெல்லாம் தெரியிது. சமையல்ல படுற கண்ணு பொல்லாத கண்ணு மதினி. காத்துல அடுப்பும் அணையும்."

"அண்ணாச்சி, அது கிடக்கட்டும், ஒங்க வாயால..."

"நமக்குள்ள என்ன இருக்கு? அண்ணாச்சிக்கு நான் செய்யாம வேற யாரு செய்வா?"

அவள் பின்னாலேயே ஓடினாள். "அண்ணாச்சி, கேட்டச் சாத்தாண்டாம், தொறந்தே கிடக்கட்டும்" என்றாள். திறந்த கேட்டை விட்டுவிட்டுப் போவது வைரவன் நகரில் எந்த நாகரிகமுள்ள மனிதரும் செய்யாத காரியம். அவர் சிரித்தார். கொண்டி விழுந்தது.

சுவர் மூடிக்கொண்டது. வெள்ளையடித்து, மேலே ஒரு பிள்ளையார் காலண்டரும் மாட்டியிருந்தது.

வர்ஷினிக்குப் போன் செய்தாள். அவள் கல்யாணமாகி மஸ்கட்டில் இருந்தாள். "ஐயோ, அந்த ஜன்னலை விட்டுராதீங்க ஆண்ட்டி!" என்று அங்கிருந்து கத்தினாள், மனசாரத்தான் கத்தினாள், ஆனால் மஸ்கட்டில் இருப்பவள் எந்தக் கேட்டைச் சாத்துவது? சுவர் சுவராகவே நின்றது.

செல்லச்சாமியின் வழியில் மற்றவர்களும் முற்றத்துக்கு இறங்கினார்கள். தெருவில் போகிற லாரிப் புழுதி வீட்டுக்குள் வராமல் இருக்க நெட்டிலிங்கம் வைக்கலாம் என்றார் ஒருவர். கொண்டி விழுந்ததும் மதில் ஓரமாக நெட்டிலிங்க மரங்கள், போலீஸ் அணிவகுப்புப் போலத் தோளோடு தோள் உரசி நின்றன. நடுவில் ஒரு வேம்பு இருந்தால் குளிர்ச்சி என்றார் அடுத்தவர். செம்பருத்திப் புதர், வாழை, மதில் மேல் படரக் காகிதப்பூ. முற்றத்தில் இருந்த வெயில் ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு துண்டாகக் குறைந்து, கடைசியில் வாசற்படியில் நின்று பார்த்தால்கூடக் கேட்டு தெரியாமல் போயிற்று. பார்த்தவர்கள் குளிர்ச்சியாக இருக்கிறது என்றார்கள். உலகம்மாளுக்கு இப்போது காது மட்டும்தான் மிச்சம். கொண்டி 'ணங்' என்று விழுந்தால் ஒன்று அவள் அடுப்பு இடம் மாறும், இல்லையென்றால் அவர் வெளியே போய்விட்டார் என்று அர்த்தம். அந்த ஓசை கேட்கும்போதெல்லாம் கரண்டியைப் போட்டுவிட்டு மரங்களுக்கு இடையே ஓடுவாள். பெரும்பாலும் யாராவது யோசனைக்காரர் புன்னகையோடு போய்க்கொண்டிருப்பார்; இரண்டு முறை பால்வண்ணன். ஓடி ஓடி அவள் மெலிந்தாள். குழம்பில் உப்பு இருக்காது, அல்லது இரண்டு தடவை இருக்கும்.

பக்கத்து வீட்டு ரெஜினா டீச்சரிடம் போனாள். ரெஜினா டீச்சர் கிறிஸ்தவப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். பொய் சொல்லத் தெரியாதவர். வாஸ்து, கண் திருஷ்டி இரண்டிலும் நம்பிக்கை இல்லாதவர்.

"டீச்சர், ஏன்னு கேக்காதீங்க. எங்க வீட்டுக்கு வந்து, அடுப்புக்கு மேல ஒரு ஜன்னல் வைங்கன்னு சொல்லிட்டுப் போங்க. ஒரே ஒரு வார்த்த."

டீச்சர் வந்தார். வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல, "அடுப்புக்கு மேல ஜன்னல் வைக்கலாம் உலகம்மா" என்றார். போனார். கொண்டி விழுந்தது. பிள்ளையார் காலண்டர் கொஞ்சம் ஆடியது, அவ்வளவே.

வேலிக்கு இந்தப் பக்கமிருந்து உலகம்மாள் கேட்டாள். "ஒங்க மனசுல இல்லியா டீச்சர்?"

"இல்லம்மா. மூஞ்சிக்கு நேரா வெயில் அடிச்சா எனக்கு ஒத்தத் தலவலி வந்துரும். நீ காரணத்தச் சொன்னா ஒருவேள மனசு மாறும். சொல்லேன்."

உலகம்மாள் வாயைத் திறந்தாள். பெங்களூரும் சென்னையும் கண்ணில் தெரிந்தன, இரண்டு பீரோக்களைப் போல. வாயை மூடிக்கொண்டாள்.

அந்த வாரத்தில் ஒரு நாள் காலை, பத்து மணி இருக்கும். சாம்பாருக்குத் தாளிக்க எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அடுப்படி நிலைக்கதவில் யாரோ விரலால் தட்டினார்கள்.

"உள்ள வரலாமா?"

பால்வண்ணன். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, கையில் குடை. தலையைப் படிய வாரியிருந்தார். விளையாடுகிறார் என்று நினைத்து உலகம்மாள் சிரித்தாள். பழைய நாட்களில் அவர் அப்படி விளையாடியதுண்டு. "வாங்க வாங்க" என்றாள்.

அவர் செருப்பில்லாத காலை ஒருமுறை மிதியடியில் துடைத்துவிட்டு உள்ளே வந்தார். தளத்தைப் பார்த்தார், புகைபோக்கியைப் பார்த்தார், பாதி அலமாரியைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். தொட்டிக் குழாயைத் திறந்து மூடினார். மேடையின் உயரத்தை ஒரு சாண் வைத்து அளந்தார்.

"வீட்டுக்காரர் இல்லியாம்மா?"

கடுகு எண்ணெயில் வெடித்துச் சிதறியது. அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. அந்நியர் வீட்டுப் பெண்ணிடம் பேசும்போது வைத்துக்கொள்கிற தூரம் இருந்தது. பார்வை அவள் முகத்தில் நிற்காமல், மரியாதையாக, அவள் தோளுக்குப் பக்கத்தில் எங்கோ நின்றது.

"வெளிய போயிருக்காங்க" என்றாள். "வந்துருவாங்க."

"தப்பா நெனைக்காதீங்க. வந்த எடத்துல ஒண்ணு சொல்லிட்டுப் போகணும்லா. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா சமையல் பண்ணுத பொம்பளைக்கு வாசல்ல யாரு வாறா, யாரு போறான்னு தெரியாட்டா எப்படி? இந்தச் சுவத்துல ஒரு ஜன்னல் வேணும்மா. பெருசா. வெளியயும் எவனோ தெரியாதவன் காடு மாதிரி மரத்த வச்சுருக்கான். அதெல்லாம் எதுக்கு? நித்தியகல்யாணி வைங்க. ஆடு திங்காது, தண்ணி கேக்காது, ஜன்னல மறைக்காது. அவுக வந்தா நான் சொன்னேன்னு சொல்லுங்க." கைகூப்பினார். "போயிட்டு வாரேன்."

எண்ணெய் புகைய ஆரம்பித்திருந்தது. அடுப்பை அணைத்து, வாணலியை இறக்கி, கையைத் துடைக்கத் துணி தேடி, துணியை எந்த மகராசியோ கதவுக்குப் பின்னால் போகச் சொல்லியிருந்ததை நினைத்துக்கொண்டு அங்கே போய் எடுப்பதற்குள், செருப்புச் சத்தம் கூடத்தைக் கடந்தது, படியில் இறங்கியது, சரளைக்கல்லில் நடந்தது.

கொண்டி விழுந்தது.

சுவர் திறந்தது. காலண்டர் இருந்த இடத்தில் வானம் இருந்தது. நெட்டிலிங்கமும் வேம்பும் வாழையும் காகிதப்பூவும் இருந்த இடத்தில் வெறும் வெயிலும், முழங்கால் உயரத்துக்கு இளஞ்சிவப்பு நித்தியகல்யாணிகளும் இருந்தன. அந்த வெயிலுக்கு அப்பால் கேட்டு, கேட்டுக்கு அப்பால் தெரு, தெருவில் குடையை விரித்துக்கொண்டு நான்கு வழிச் சாலையை நோக்கி நடந்து போகிற பால்வண்ணன்.

அவள் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. கேட்டபடியே, ஓர் அங்குலமும் குறையாமல். வீட்டுக்காரர் சொன்னால் கேட்காத வீடு அது. ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவள் அந்த வெளிச்சத்தில் ஒரு கணம் நின்றாள். அதற்கு மேல் நிற்க நேரமில்லை. தெருமுனையில் லாரிகளின் காற்று அவர் குடையைத் தூக்கிப் பார்த்தது.

"ஏங்க!" என்று கத்தினாள்.

அவர் திரும்பவில்லை. எவள் வீட்டுக்காரனையோ எவளோ கூப்பிடுகிறாள். நாகரிகமுள்ளவன் அதற்குத் திரும்பலாமா?

"ஏங்க! இங்க பாருங்க!"

எதிர்வீட்டில் செடிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த செல்லச்சாமி நிமிர்ந்தார். அவர் பார்க்கிறார் என்று உலகம்மாளுக்குத் தெரிந்தது. பார்க்கட்டும் என்று இருந்தது. தெருமுனைக்கு இன்னும் ஒரு வீட்டு மதில்தான் பாக்கி. அவள் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி, இந்த ஊரில் எந்த மனிதனாலும் மறுக்க முடியாத ஒன்றைச் சொன்னாள்.

"சார்! சார்! காபி குடிக்காமப் போறீங்களே! எங்க வீட்டுக்காரவுக வந்தா என்னைய ஏசுவாக சார்!"

குடை நின்றது. மெதுவாகத் திரும்பியது. பால்வண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். ஒரு வீட்டில் குறை சொல்லிவிட்டுக் காபி குடிக்காமல் வந்தது அவருக்கே தப்பாகப் பட்டிருக்க வேண்டும்.

"சீனி கம்மியாப் போடுங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே திரும்பி வந்தார்.

அவர் கூடத்து நாற்காலியின் விளிம்பில், விருந்தாளிகள் உட்காருவது போல உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது செல்லச்சாமி கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே வரவில்லை. கையில் தண்ணீர்க் குழாய் அப்படியே இருந்தது. அவர் காலில்தான் ஊற்றிக்கொண்டிருந்தது.

"மதினி. எத்தன நாளா?"

அவள் படியிறங்கி வந்து, ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்த ஜன்னலு..." என்றார். "நான் வேற வாய வச்சுக்கிட்டு... புள்ளைகளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

செல்லச்சாமி தெருவின் இந்த முனையைப் பார்த்தார், அந்த முனையைப் பார்த்தார். பிறகு சங்கத்தில் தீர்மானம் வாசிக்கிற குரலில், "எனக்கும் தெரியாது" என்றார்.

வைரவன் நகருக்கு ரகசியம் காக்கத் தெரியாது என்பார்கள். உண்மைதான், சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் எல்லோருக்கும் தெரிந்த ரகசியத்தைப்போல் பத்திரமான ரகசியம் வேறில்லை. வெளியே சொல்ல ஆள் மிச்சமிருப்பதில்லை. கொண்டியை ஏற்றுக்கொண்டது போலவே இதையும் ஏற்றுக்கொண்டார்கள், காரணத்தை ஆராயாமல், விதிகளை மட்டும் கண்டுபிடித்து. தெருவில் அவர் குடையோடு சாலைப் பக்கம் போவதைப் பார்த்தால், "அண்ணாச்சி, எங்க போறிய?" என்று கேட்கக் கூடாது, "சார், இன்னைக்கு ஒரு கிரகப்பிரவேசம். அந்தப் பெரிய ஜன்னல் வச்ச வீடு. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லாட்டா வீட்டுக்காரம்மா மனசு கஷ்டப்படும்" என்று சொல்ல வேண்டும். உடனே அவர் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு கூட நடப்பார். எந்தக் கிரகப்பிரவேசத்தையும் மறுத்தவரில்லை அவர். தீபாவளிக்குப் பிள்ளைகள் வந்திருந்தபோது, அப்பா அடிக்கடி வெளியே போய்வருகிறாரே என்று மகன் கேட்டான். "சங்க வேல தம்பி. ஒங்க அப்பா இல்லாம இந்தத் தெருவுல ஒரு கல்லு நகராது" என்றார் செல்லச்சாமி, கண்ணைச் சிமிட்டாமல். ரெஜினா டீச்சர் பக்கத்தில் நின்றுகொண்டு, பொய் சொல்லாமலும் மறுக்காமலும், "அடேங்கப்பா" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு யாரும் அந்த வீட்டில் புதுக் குறை சொல்லவில்லை. வந்தால் காபி குடித்து, செருப்பில் காலை நுழைத்து, "சார் சொன்னதுதான் எங்க யோசனையும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மனசாரச் சொன்னார்கள்; ஜன்னல் நின்றது.

குறை சொன்னவர் ஒருவர்தான். அவர் அநேகமாகத் தினமும் வந்தார். நிலைக்கதவில் தட்டி, வீட்டுக்காரர் இல்லையா என்று கேட்டு, வெளிச்சம் நன்றாக இருப்பதாக ஒப்புக்கொண்டு, பிறகு ஜன்னலுக்கு வெளியே காட்டி, "அந்த ஓரத்துல மட்டும் இன்னொரு நித்தியகல்யாணி வச்சா நெறவா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போவார். கொண்டி விழும், அவர் காட்டிய இடத்தில் ஒரு செடி பூத்து நிற்கும், அவள் ஜன்னலில் நின்று காபி குடிக்கக் கூப்பிடுவாள். இப்படி நாளுக்கு ஒன்றாக முற்றம் நிறைந்துகொண்டே வந்தது. புதிதாகக் குடிவந்தவர்கள், சுடுகாட்டில் பூக்கிற பூவை இப்படியா வாசல் நிறைய வைப்பார்கள் என்று முணுமுணுத்தார்கள். பழையவர்கள் அவர்களைத் தனியே கூட்டிப்போய் விவரம் சொன்னார்கள். உலகம்மாள் செடிகளை எண்ணுவதில்லை. எண்ணிப் பார்க்க என்ன இருக்கிறது? ஒவ்வொன்றும் அவர் அவளைத் தெரியாமல் கைகூப்பிய ஒரு காலை.

தை மாதத்தில் ஒரு நாள் அவர் அடுப்படிக்கு வந்தபோது அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவர் தட்டினாரா, தட்டவில்லையா என்று துருவல் சத்தத்தில் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, "அந்த ஓரம் வெறிச்சுன்னு கிடக்கு, ஏதாச்சும் வைக்கணும்" என்றார். குடையை எடுத்தார். செருப்புச் சத்தம் கூடத்தைக் கடந்தது, படியில் இறங்கியது, சரளைக்கல்லில் நடந்தது. அவள் வழக்கம்போலக் காபித்தூள் டப்பாவுக்குக் கையை நீட்டினாள். கொண்டி விழுந்தது.

அவள் அந்த ஓரத்தைப் பார்த்தாள்.

மண் சும்மா கிடந்தது. ஒரு தளிர்கூட இல்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஈர மண், ஒரு காய்ந்த சருகு, அதன் மேல் ஓர் எறும்பு.

டப்பா கையில் இருந்தபடியே அவள் கேட்டைப் பார்த்தாள். அவர் தெருவில் இறங்கிப் போகவில்லை. கேட்டுக்கு வெளியே குனிந்து நின்று கொண்டியைத் தூக்குவதும் போடுவதுமாக இருந்தார். ணங். ணங். ணங். வீடு அசையவில்லை.

"உலகு!" என்றார் அங்கிருந்தே, எரிச்சலோடு. "இந்தக் கொண்டிக்கு எண்ண விடணும்னு எத்தன மட்டம் சொல்லியாச்சு? ஊரையே எழுப்புது."

"ஆமா. விடணும்" என்றாள்.

அவர் கேட்டைத் திறந்து உள்ளே வந்தார். அப்போதுதான் முற்றத்தைப் பார்த்தார் போல. மதில் முதல் படி வரை, இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக, கால் வைக்க ஒற்றையடி வழி தவிர மிச்சமெல்லாம் பூ. திகைத்து நின்றார்.

"என்னடி இது, சுடுகாடு மாதிரி? இத்தன நித்தியகல்யாணிய யாரு வைக்கச் சொன்னா?"

"ஒரு விருந்தாளி வந்துட்டுப் போனாரு. அவரு சொன்னாரு."

"எவனாச்சும் வந்து சொன்னா வச்சிருவியா?"

"நல்ல மனுசன். தினமும் வருவாரு. வரும்போதெல்லாம் ஒங்களத்தான் விசாரிப்பாரு."

"என்னையவா? என்னன்னு?"

"வீட்டுக்காரர் இல்லியாம்பாரு."

பால்வண்ணன் குடையை மடக்கினார். ஜன்னலுக்கு வெளியே, பூக்களின் நடுவே நின்று, உள்ளே இருந்தவளின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நீ என்ன சொன்ன?"

"வந்துருவாகன்னு சொன்னேன்."